அண்ணை, குளத்து மீன் இருக்கா?

நேயர்களுக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் மத்தியான அடுப்பு எரிவதில்லை. நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வுபெற்று வீட்டுக்கு வந்த நாளில் என் கணவர் செய்த ஏற்பாடு அது. "இவ்வளவு காலமும் விடிய நாலு மணிக்கு எழும்பிச் சமைச்சு வைச்சிட்டுத்தானே ஓடினனீர். இனி ஞாயிறிலை ஒரு நேரமெண்டாலும் ஆரும் சமைச்சுத் தர நாங்கள் இருந்து சாப்பிடுவம்" என்றார். அன்று தொடங்கிய பழக்கம் இன்றும் நிற்கவில்லை. கிளிநொச்சி கரடிப்போக்குச் சந்தியில் ஏறினால் ஒரு கிழமை பரந்தன் பக்கம், ஒரு கிழமை மாங்குளம், இன்னொரு கிழமை முல்லைத்தீவு. மாதம் ஒருமுறை வவுனியா. மோட்டார் சைக்கிள் போகிற தூரம்தான் எங்கள் கணக்கு.

முதல் சில மாதங்கள் எந்தக் கடைக்குப் போனாலும் எங்கள் முன்னால் வந்தது ஃபிரைட் ரைஸ், கொத்து ரொட்டி, ரோல்ஸ். கொத்து ரொட்டியை நான் குறை சொல்லவில்லை. பின்னேரம் ஆறு மணிக்குக் கிளிநொச்சி வீதியால் நடக்கும்போது அந்தத் தகட்டுச் சத்தம் கேட்டால் எனக்கும் பசிக்கும். ஆனால் இது நெல் விளைகிற மண். குளங்கள் நிறைந்த மண். காடு பழம் தருகிற மண். இவற்றில் ஒன்றுமே எங்கள் கடை மேசைகளுக்கு ஏன் வரவில்லை என்ற கேள்வி எனக்குள் மெல்ல மெல்ல வளர்ந்தது.

ஒரு காரணம் வீதி. யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதி ஓரத்துக் கடைகள் எங்களுக்காகத் திறந்தவை அல்ல, போகிறவர்களுக்காகத் திறந்தவை. பஸ் கொஞ்ச நேரம்தான் நிற்கும். அதற்குள் கை கழுவி, சாப்பிட்டு, ஒரு பிளேன்ரீ குடித்து ஏற வேண்டும். அந்த அவசரத்துக்கு ஏற்றதைத்தான் கடைக்காரர் சமைத்தார். அந்த வீதியும் நிலையாக இருந்ததா? போரால் மூடிக்கிடந்ததை 2002இல் திறந்தார்கள், 2006இல் மறுபடியும் மூடினார்கள். 1990இல் நின்ற ரயில் 2013இல்தான் மறுபடியும் கிளிநொச்சிக்கு வந்தது, அடுத்த வருசம் யாழ்ப்பாணம் போனது. வீதி மூடினால் கடை அடுப்பும் அணையும். திறந்தால் மறுபடியும் பிரயாணிகளுக்கான அதே சாப்பாடு. ஊர்ச்சனம் ஆறுதலாக இருந்து தன் ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிட ஒரு கடை வளர்வதற்கு இங்கே காலம் கிடைக்கவில்லை.

இன்னொரு காரணத்தை எனக்கு ஒரு மழைநாள்தான் காட்டித் தந்தது.

மாங்குளத்தில் திரும்பி ஒட்டுசுட்டான் வீதியால் முத்தையன்கட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். ஐப்பசி மாதம், முதல் மழை. நனைந்துபோய் ஒரு தகரக் கொட்டிலுக்குள் ஒதுங்கினோம். வாசலில் ஒரு பலகை. அதில் சுண்ணாம்பால் "சாப்பாடு" என்று மட்டும் எழுதியிருந்தது. உள்ளே இரண்டு வாங்கு. வயல் வேலைக்கு வந்த ஆட்கள் சாப்பிட்டு எழும்பிப் போய்விட்டார்கள். அடுப்படியில் நின்ற பிள்ளைக்கு முப்பது வயது வரும். என்ன சாப்பாடு என்று கேட்டேன்.

"மரக்கறிதான் மிச்சம் அக்கா. கடல் மீன் முடிஞ்சுது."

ஆனால் உள்ளே ஒரு சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. புளியும் வெந்தயமும் வறுத்த தூளும் சேர்ந்த மணம், மழையோடு வந்து எங்களைச் சுற்றி நின்றது. "அப்ப அது என்ன பிள்ளை?" என்றேன். அவள் கொஞ்சம் தயங்கினாள்.

"அது எங்களுக்குச் சமைச்சது அக்கா. குளத்து மீன். நீங்கள் சாப்பிடுவியளோ தெரியேல்லை."

அது விரால். முதல் மழைக்கு விரால் குளத்தை விட்டு வாய்க்காலுக்கும் வயலுக்கும் ஏறி வரும். அவளுடைய கணவன் விடியற்காலையில் வாய்க்காலில் பிடித்தது. விராலை வெட்டுவது எல்லாருக்கும் கைவராத வேலை. உடம்பெல்லாம் வழுவழுவென்றிருக்கும், கையில் நிற்காது. அடுப்புச் சாம்பலைப் பூசி உரஞ்சி, உப்புப் போட்டு மூன்று நாலு தண்ணீரில் கழுவ வேண்டும். பிறகு தேசிக்காய்ப்புளி விட்டுக் கொஞ்ச நேரம் வைத்தால் வெடுக்குப் போய்விடும். குளத்து மீன் சேறு மணக்கிறது என்று சொல்கிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான். மீனில் பிழை இல்லை, கழுவினதில்தான் பிழை. அவள் மண்சட்டியில் வெங்காயமும் வெந்தயமும் தாளித்து, பழப்புளி கரைத்து விட்டு, மாங்காய்த் துண்டு இரண்டு போட்டு, கடைசியில் கட்டித் தேங்காய்ப்பால் விட்டு இறக்கியிருந்தாள். சோறு சிவப்பரிசிச் சோறு. கோப்பையில் போடவில்லை. குளத்திலிருந்து வந்த தாமரையிலையில் போட்டாள். சுடுசோறு பட்டதும் இலையிலிருந்து எழும்பிய பச்சை மணத்தை நான் எப்படிச் சொல்வது?

(இதில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பொலித்தீன் லன்ச் சீற்றை 2017இல் தடை செய்தார்கள். இன்னமும் சில கடைகளில் கோப்பைக்கு மேல் ஏதோ ஒரு தாளைப் போட்டுத்தான் சுடுசோறு தருகிறார்கள். எங்கள் குளங்களில் தாமரை நிற்கிறது, வளவுகளில் வாழை நிற்கிறது. நான் கேட்டு வாங்குகிறேன். நீங்களும் கேளுங்கள்.)

சாப்பிட்டு முடிந்ததும் காசு கொடுத்தேன். சோற்றுக்கும் மரக்கறிக்கும் மட்டும் எடுத்தாள். மீனுக்கு எடுக்க மாட்டேன் என்றாள். "குளத்து மீனுக்கு எப்பிடி அக்கா காசு வாங்கிறது?"

வீடு வரும் வழி முழுக்க அந்தக் கேள்வி என்னை விடவில்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தானே நடந்தது! விருந்தாளி வந்தால் அப்பா சைக்கிளில் போய்க் கடல் மீன்தான் வாங்கி வருவார். குளத்து மீன் எங்களுக்கு. திலாப்பியா 1952இல் இந்த நாட்டுக் குளங்களில் விட்ட மீன். மலிவாகக் கிடைத்தது, பெருகியது, அதனால் மதிப்பில்லாமல் போயிற்று. விரால், கெளிறு, ஆரல் எல்லாம் அதற்கு முன்னமே இங்கே இருந்தவை. அவற்றையும் சேர்த்தே ஒதுக்கிவிட்டோம். பிறகு பொருளாதாரத் தடைக் காலம். சீனி இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, இடப்பெயர்வுக்கு மேல் இடப்பெயர்வு. அந்த நாட்களில் இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு என்ற குளங்கள்தான் எத்தனையோ குடும்பங்களின் சட்டியில் ஒரு துண்டு மீன் போட்டன. எங்களைக் காப்பாற்றிய சாப்பாட்டை நாங்கள் இல்லாத காலத்தின் சாப்பாடாகவே மனதில் வைத்துவிட்டோம். அதனால்தான் அதைப் பிறருக்குப் பரிமாறவும் விலை சொல்லவும் எங்களுக்குக் கை வரவில்லை என்று நான் நினைக்கிறேன்.

மே மாதத்தில் இந்த வழியால் வருகிறவர்களுக்கு வீதியோரத்தில் ஒரு கஞ்சி கொடுப்பார்கள். அரிசி, தண்ணீர், உப்பு. முள்ளிவாய்க்காலில் 2009இல் போரின் கடைசி நாட்களில் சனம் வரிசையில் நின்று வாங்கிக் குடித்த கஞ்சி அது. அதற்கு விலை இல்லை, இருக்கவும் கூடாது. சிரட்டையில் தந்தால் சிரட்டையிலேயே குடித்துவிட்டுப் போங்கள். அதை நான் கடைச் சாப்பாட்டுக் கதைக்குள் கொண்டுவரவில்லை. அது வேறு. ஆனால் குளத்து மீனுக்கு விலை இருக்க வேண்டும். அதைப் பிடிக்கிறவருக்கும் சமைக்கிறவளுக்கும் அந்தக் காசு போய்ச் சேர வேண்டும்.

எங்கள் சாப்பாட்டுக்கு ஆட்கள் காசு கொடுப்பார்களா என்று யாரும் கேட்டால் நான் அம்மாச்சி உணவகத்தைக் காட்டுவேன். வடமாகாண விவசாயத் திணைக்களம் தொடங்கியது. பெண்கள் கண் முன்னால் சமைத்துக் கொடுக்கிறார்கள். சைவச் சாப்பாடு. குரக்கன் (கேழ்வரகு) புட்டு, இலைக்கஞ்சி, தோசை, உழுந்து வடை. வவுனியாவில் காலையில் போய்ப் பாருங்கள், கந்தோருக்குப் போகிறவர்கள் தொடக்கம் லொறிக்காரர் வரை கோப்பையோடு நிற்பார்கள். குரக்கனும் ஒரு காலத்தில் இல்லாதவன் சாப்பாடு என்றுதானே சொன்னார்கள்? இன்றைக்கு டொக்டர் எழுதிக் கொடுக்கிறார். அங்கே உழுந்து வடை சாப்பிடும்போது இன்னொன்றையும் நினைத்துக்கொள்ளுங்கள். இந்த நாட்டில் உழுந்து கூடுதலாக விளைகிற மாவட்டங்களில் வவுனியாவும் ஒன்று. வடை தன் ஊரிலேயே பொரிகிறது.

வவுனியா பஸ் நிலையத்தைச் சுற்றி ஒரு மணித்தியாலம் நடந்தால் இந்த மண்ணுக்கு யார் யார் வந்தார்கள் என்பதை நாக்கால் படிக்கலாம். முஸ்லிம் கடையில் வீச்சு ரொட்டியும் சாற்றுக் கறியும். சிங்களக் கடையில் சட்டித் தயிரும் கித்துள் பாணியும். யாழ்ப்பாணத்துச் சைவக்கடையில் சொதியோடு இடியப்பம். கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவர்களின் கையால் சுட்ட தேங்காய் ரொட்டியும் இடிச்ச சம்பலும். அந்த ரொட்டியைக் கிளிநொச்சிப் பக்கத்திலும் சில தேநீர்க் கடைகளில் காலையில் காணலாம். சூட்டோடு வாங்க வேண்டும். ஆறினால் அதன் குணம் போய்விடும்.

முறிகண்டியில் நிற்காத வாகனம் இல்லை. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, மணலில் வறுத்த கச்சான் கடலை ஒரு சரை வாங்காமல் ஏறுகிறவரும் இல்லை. அதைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவித்த கச்சான் இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஈரத்தோடு கோதை உடைத்துத் தின்னும்போது அது வேறொரு பொருள்.

பாலைப்பழத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். வைகாசி, ஆனியில் சந்தையிலும் வீதியோரத்திலும் மஞ்சள் மஞ்சளாகக் குவித்து வைத்திருப்பார்கள். சுண்டுப் பேணியால் அளந்து தருவார்கள். தேன் போல இனிக்கும். அதிகம் தின்றால் பால் பிசின் உதட்டை ஒட்டிவிடும், தேங்காய் எண்ணெய் பூசித்தான் எடுக்க வேண்டும். சின்ன வயதில் நாங்கள் மரத்துக்குக் கீழே சாக்கு விரித்து உலுப்பிப் பொறுக்கினோம். இப்போது சில இடங்களில் கொப்பையே வெட்டி விழுத்திப் பழம் பறித்திருப்பதைக் கண்டேன். வெட்டின இடத்தில் பால் வடிந்து காய்ந்திருந்தது. பாலை ஆறுதலாக வளர்கிற மரம். ஒரு கொப்புப் போனால் அது திரும்பி வர எங்கள் ஆயுள் போதாது. விற்கிறவரிடம், "தம்பி, உலுப்பின பழமோ, வெட்டின பழமோ?" என்று கேட்டுத்தான் நான் வாங்குகிறேன்.

காட்டிறைச்சி இருக்கு என்று யாராவது காதுக்குள் சொன்னால் அந்தக் கடையை விட்டு எழும்பி விடுங்கள். மான் வத்தலைத் தேனில் ஊறப்போட்ட கதையைப் பாட்டன்மார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் நாங்கள். அது அந்தக் காலத்தோடு போகட்டும். இன்று அது சட்டப்படி குற்றம், காட்டுக்கும் தாங்காது.

முல்லைத்தீவுக்குப் போகிறவர்கள் நந்திக்கடல் இறாலை விட்டுவிட்டு வராதீர்கள். முருங்கையிலை போட்ட நண்டுக் குழம்பு கிடைத்தால் அன்றைக்கு நேரம் பார்க்காமல் இருந்து சாப்பிடுங்கள். நண்டை அவசரமாகச் சாப்பிட முடியாது.

சரி, குளத்து மீனுக்கு வருகிறேன். அந்த மழைநாளுக்குப் பிறகு எந்தக் கடைக்குள் போனாலும் நான் முதலில் கேட்பது, "அண்ணை, குளத்து மீன் இருக்கா?" என்பதுதான். பெரும்பாலும் இல்லை என்பார்கள். சிலர் ஆச்சரியமாகப் பார்ப்பார்கள். "உங்களுக்கு நல்ல பாரை மீன் இருக்கு" என்று ஆறுதல் சொன்னவர்களும் உண்டு. நான் விடவில்லை. இவரும் இப்போது எனக்கு முந்திக் கேட்கிறார்.

போன மாதம் முத்தையன்கட்டுக்கு மறுபடியும் போனோம். புரட்டாதி வெயிலில் குளம் வற்றி, கரையில் தோணிகள் சேற்றில் இருந்தன. பலகையில் "சாப்பாடு" என்பதற்குக் கீழே புதிதாக ஒரு வரி: "குளத்து மீன் உண்டு." உள்ளே இரண்டு லொறிச் சாரதிமார் இருந்தார்கள். எங்களுக்குப் போட்டதைப் பார்த்து ஒருவர், "தங்கச்சி, எங்களுக்கும் அந்தக் கறியிலை போடு" என்றார். இந்த முறை மீனுக்கும் சேர்த்துக் காசு எடுத்தாள். நாங்கள் கை கழுவிவிட்டு வரும்போது அவளுடைய மகள் அடுப்படியில் குந்தியிருந்து, வெறும் சட்டிக்குள் ஒரு பிடி சோற்றைப் போட்டு, அடியில் ஒட்டியிருந்த குழம்போடு பிரட்டி உருட்டிக்கொண்டிருந்தாள். எனக்கும் ஒரு உருண்டை தந்தாள்.

வணக்கம்.