வெள்ளம் வர்றதுக்கு முன்னாடியே அடுத்த நாட்டுக்கு ஏன் செலவு பண்ணணும்? – நேயர் கேள்விக்குப் பதில்

அடுத்த கேள்வியைப் படிக்கிறேன். "புயல், வெள்ளம்னு வந்த பிறகு மற்ற நாடுகள் உதவுறது புரியுது. வர்றதுக்கு முன்னாடியே தயார் ஆகணும்னு சர்வதேசக் கூட்டமைப்பு, ஒப்பந்தம்னு பேசுறாங்களே, அதனால யாருக்காவது நிஜமா பலன் இருக்கா? இல்ல மாநாட்டுல போட்டோ எடுக்கிறதோட முடிஞ்சிடுதா?"

போட்டோ விஷயம் அப்புறம். முதல்ல 2004 டிசம்பர் 26-க்குப் போவோம். சுமத்ரா பக்கத்துல கடலுக்கடியில 9.1 அளவுல நிலநடுக்கம். அலை இலங்கைக்கு வந்து சேர ஏறக்குறைய ரெண்டு மணி நேரம் ஆச்சு. சோமாலியாவுக்குப் போக ஏழு மணி நேரம். ஏழு மணி நேரம்ங்க! நடந்தே மேட்டுக்குப் போயிருக்கலாம். அங்கேயும் ஆட்கள் செத்தாங்க. மொத்தமா 2 லட்சத்து 25 ஆயிரம் பேருக்கு மேல போயிட்டாங்க. பசிபிக் கடலுக்கு 1949-லயே எச்சரிக்கை மையம் வந்தாச்சு. இந்தியப் பெருங்கடலுக்கு அப்படி எதுவும் இல்ல. நிலநடுக்கம் வந்தது உலகத்துக்கே தெரிஞ்சிருந்தும், கரையில நின்னவருக்கு அதைச் சொல்ல வழி இல்ல.

அதுக்கப்புறம் யுனெஸ்கோ ஒருங்கிணைச்சு, இந்தியா, இந்தோனேசியா, ஆஸ்திரேலியா மூணு நாடும் மையம் அமைச்சு, 2011-லேர்ந்து மொத்தப் பெருங்கடலுக்கும் தகவல் கொடுக்குது. இந்தியாவோட மையம் ஹைதராபாத்ல இருக்கு. இதை எந்த நாடும் தனியா செய்ய முடியாது. ஏன்னா உங்க கரைக்கு வரப்போற அலையை முதல்ல பார்க்கிற கருவி அடுத்த நாட்டுக் கடல்ல மிதக்குது. அவங்க கருவி பழுதானா உங்களுக்குத்தான் கண்ணு போகும். அதனால அடுத்த நாட்டுக்குப் போடுற காசைத் தர்மம்னு நினைக்காதீங்க.

சரி, இப்ப உங்க சந்தேகத்துக்கு வர்றேன். அதுல பாதி நியாயம் இருக்கு. 2004-க்குப் பிறகு இந்தோனேசியக் கடல்ல எச்சரிக்கை மிதவைகள் போட்டாங்க, வெளிநாடுகள் கொடுத்ததும் அதுல உண்டு. 2018 செப்டம்பர்ல பாலு நகரத்துல சுனாமி வந்தப்போ அந்த நாட்டுப் பேரிடர் முகமையே சொன்னது: 22 மிதவையும் 2012-லேர்ந்து வேலை செய்யல. பராமரிக்கக் காசு இல்ல, சிலதைச் சேதப்படுத்திட்டாங்க. (பாலுவுல அலை சில நிமிஷத்துல கரைக்கு வந்துடுச்சு, மிதவை இருந்திருந்தாலும் பெருசா உதவியிருக்குமாங்கிறது வேற பேச்சு.) கருவி கொடுக்கிறவங்க திறப்பு விழாவுக்கு வருவாங்க. பத்து வருஷம் கழிச்சு பேட்டரி மாத்த யார் வருவா? ஒரு ஒப்பந்தம் நிஜமா, போட்டோவான்னு பார்க்கணும்னா நான் முதல்ல தேடுற வரி இதுதான்: பராமரிப்புச் செலவு யார் தலையில?

இன்னொண்ணு, தகவல் போய்ச் சேர்ந்தா மட்டும் போதாது. 2008 மே மாசம் நர்கிஸ் புயல் மியான்மர்ல அடிச்சது. எந்த இடத்துல கரையைக் கடக்கும்னு 48 மணி நேரத்துக்கு முன்னாடியே இந்திய வானிலைத் துறை அந்த நாட்டு அதிகாரிகளுக்குச் சொல்லியாச்சு. இருந்தும் இறந்தவங்க, காணாமப் போனவங்க சேர்த்து 1,38,000 பேருக்கு மேல. நாட்டுக்கு நாடு தகவல் போச்சு. ஐராவதி டெல்டாவுல குடிசையில இருந்தவர் காதுக்குப் போகல.

அதையே வங்கதேசத்தோட ஒப்பிட்டுப் பாருங்க. 1970 போலா புயல்ல குறைஞ்சது 3 லட்சம் பேர் செத்த மண்ணு அது. 1972-ல செஞ்சிலுவை, செம்பிறை இயக்கத்தோட கைகோத்து புயல் தயார்நிலைத் திட்டம்னு ஒண்ணை ஆரம்பிச்சாங்க. இன்னிக்கு அதுல 76,000 தன்னார்வலர்கள், ஏறக்குறைய பாதிப் பேர் பெண்கள். கொடி ஏத்துறது, மெகாபோன்ல கத்துறது, வீடு வீடாப் போய்க் கதவைத் தட்டுறது. பெண் வந்து கூப்பிட்டா வீட்டுப் பெண்கள் நம்பிக் கிளம்பி வர்றாங்க. இப்பவும் பெரிய புயல் வருது, வீடு போகுது, பயிர் போகுது, 1991 புயல்ல மறுபடியும் ஒரு லட்சத்துக்கு மேல செத்தாங்க, ஆனா அதுக்கப்புறம் சாவு எண்ணிக்கை அந்த லட்சக்கணக்குக்குத் திரும்பிப் போகல. அதுக்கு வெளியிலேர்ந்து ஆதரவு வந்தது, ஆனா கதவைத் தட்டின கை உள்ளூர்க் கை.

பணத்தைப் பத்தி ஒரு நிமிஷம். நம்ம பழக்கம் என்ன? வீடு முழுகுற படம் டிவியில வந்த பிறகுதான் உண்டியல் திறக்கும். இதை மாத்திப் பார்த்திருக்காங்க. 2020 ஜூலையில, வங்கதேசத்துல ஆத்துல தண்ணி அபாய அளவைத் தாண்டும்னு முன்கணிப்பு வந்ததுமே, வெள்ளம் உச்சத்தைத் தொடறதுக்கு முன்னாடியே ஐ.நா. அவசர நிதியிலேர்ந்து சுமார் 52 லட்சம் டாலர் விடுவிச்சாங்க. கைக்குக் காசு வந்தா மாட்டைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டு போகலாம், அரிசி வாங்கி வச்சிக்கலாம், கந்துவட்டிக்குப் போக வேண்டாம். கரீபியன் தீவுகள் 2007-லேர்ந்து வேற வழியில போறாங்க: பல நாடுகள் சேர்ந்து ஒரே காப்பீடு. சேதத்தை எண்ணிட்டு உக்கார மாட்டாங்க, காற்று வேகமோ நில அதிர்வோ குறிச்ச அளவைத் தாண்டினா பணம் வந்துடும். 2010 ஹைட்டி நிலநடுக்கத்துல ரெண்டு வாரத்துல பணம் கொடுத்தாங்க. தொகை சுமார் 80 லட்சம் டாலர். நடந்த அழிவுக்கு அது சொற்பம்தான், ஆனா அந்த நேரத்துல அரசாங்கத்துக்குச் சம்பளம் போடக் கையில காசு வேணுமே.

பேரிடர் ஆபத்தைக் குறைக்க 2015-ல ஜப்பான்ல நாடுகள் ஏத்துக்கிட்ட செண்டாய் செயல்திட்டம், 2027-க்குள்ள எல்லாருக்கும் முன்னெச்சரிக்கைன்னு ஐ.நா. அறிவிச்ச திட்டம், இதெல்லாம் இந்த வேலைகளுக்கான குடைதான். சும்மா குடையை மட்டும் பார்த்தா போட்டோ மாதிரிதான் தெரியும். அடுத்த தடவை இப்படி ஒரு அறிவிப்பு வந்தா எத்தனை கோடின்னு பார்க்காதீங்க. கடைசி கிராமத்துல சைரன் ஊதப் போறது யாரு, அவருக்குப் பயிற்சி எப்பன்னு தேடிப் பாருங்க. அந்தப் பேரே இல்லன்னா உங்க சந்தேகம் சரிதான்.

சரி, அடுத்த கேள்விக்குப் போவோம்.