நைல் எந்த ஆண்டில் மெலிந்தது?

வணக்கம். இன்று நூறு எண்களைப் பற்றிப் பேசப்போகிறேன். பேனா, தாள் எதுவும் வேண்டாம், காது கொடுத்தால் போதும்.

எகிப்தின் அஸ்வானில் நைல் நதி ஆண்டுதோறும் கொண்டுவந்த தண்ணீருக்கு 1871 முதல் 1970 வரை கணக்கு இருக்கிறது. 1877-இல் 8,130 கோடி கன மீட்டர். மறு ஆண்டே 12,300 கோடி. 1888-இல் 7,990 கோடி, அப்புறம் மறுபடி ஏற்றம். இந்த இரைச்சலுக்கு நடுவில், நதியின் போக்கே மாறிய ஆண்டு என்று ஒன்று உண்டா?

பலரும் உடனே ஐந்தாண்டுச் சராசரி போட்டு வரிசையை வழவழப்பாக்கிவிடுவார்கள். இதைத்தான் வேண்டாம் என்று போகுமிடமெல்லாம் சொல்லிவருகிறேன். மாற்றம் ஒரே ஆண்டில் சடாரென்று நடந்திருந்தால், இந்தச் சராசரி அதை ஐந்தாண்டுச் சரிவாக்கிவிடும். தேடிய விளிம்பை நாமே தேய்த்துவிடுகிறோம். மறுபடி சொல்கிறேன், முதலில் வழவழப்பாக்காதீர்கள்.

வரிசையைத் துண்டுகளாக வெட்டுங்கள். துண்டுக்கு ஒரு சராசரி. எண்கள் அதிலிருந்து விலகும் தூரங்களை வர்க்கப்படுத்திக் கூட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு அபராதமும் சேருங்கள், இல்லையென்றால் ஆண்டுக்கு ஒரு துண்டு என்று வெட்டித் தள்ளிவிடலாம். மொத்தம் எதில் மிகக் குறைவோ அதுதான் விடை.

சரி, எத்தனை விதமாக வெட்டலாம்? 99 இடைவெளிகள், ஒவ்வொன்றிலும் வெட்டலாம் அல்லது விடலாம். பெருக்கினால் 30 இலக்க எண் வருகிறது. எந்தக் கணிப்பொறியும் ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்காது. அமெரிக்கக் கணிதவியலாளர் ரிச்சர்ட் பெல்மன் 1950-களில் வளர்த்தெடுத்த வழி இங்கேதான் கைகொடுக்கிறது. 1898-க்குப் பின் ஒரு வெட்டு விழுகிறது என்றால், 1898 வரைக்குமான சிறந்த பிரிப்பை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். பின்னால் வரும் எண்கள் அதை மாற்றப்போவதில்லை. இப்படி ஆண்டாண்டாக நகர்ந்தால் 5,050 துண்டுகளைப் பார்த்தாலே வேலை முடிந்துவிடும். அதுவும் குத்துமதிப்பாக இல்லை, துல்லியமான விடையே கிடைக்கும்.

வழக்கமான அபராதம் வைத்தால் நைலுக்கு ஒரே வெட்டு, 1898-க்கும் 1899-க்கும் நடுவில். முன்பு சராசரி ஏறத்தாழ 11,000 கோடி, பிறகு 8,500 கோடி. அணைதான் காரணமோ என்று தோன்றலாம். ஆனால் பழைய அஸ்வான் அணை வேலை 1899-இல் தொடங்கி 1902-இல்தான் முடிந்தது. கட்டி முடிக்காத அணை 1899-லேயே தண்ணீரை எப்படிக் குறைக்கும்? நதி புறப்பட்டு வரும் மேற்பகுதிகளில் மழை குறைந்ததைத்தான் பார்க்க வேண்டும்.

நேரம் ஆகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். ஒன்றே ஒன்று. 1913-இல் வெறும் 4,560 கோடிதான் வந்தது. இப்படி ஓர் எண் துருத்திக்கொண்டு நின்றால், வர்க்கத்தை விட்டு வெறும் தூரத்தைக் கூட்டுங்கள். சராசரியின் இடத்துக்கு நடு எண், அதாவது சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் நடுவில் நிற்கும் எண், வந்துவிடும், ஒற்றை ஆண்டு ஆட்டிப்படைக்காது. வணக்கம்.