ஏர் ஃப்ரையரில் கோழி சரி, பான்கேக்?

வணக்கம், எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? பின்னால் கேட்கும் இரைச்சலுக்கு மன்னித்துவிடுங்கள். ஏர் ஃப்ரையர் சூடாகிக்கொண்டிருக்கிறது, அதை நிறுத்திவிட்டுப் பேச எனக்குப் பொறுமை இல்லை.

இன்றைக்கு இரண்டு வேலை. ஒன்று, தோலோடு கோழிக்கால். இன்னொன்று, காய்கறி போட்ட கார பான்கேக். பான்கேக்கையும் ஏர் ஃப்ரையரிலேயே சுட முடியுமா என்று பார்க்கப்போகிறேன். வராது என்றுதான் மனசு சொல்கிறது. ஆனாலும் பட்டால்தான் எனக்குப் புத்தி வரும்.

முதலில் நேற்று நடந்த கூத்தைச் சொல்லிவிடுகிறேன். தயிரில் மசாலா கலந்து, கோழியைப் புரட்டி, ஆறு துண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, 200 டிகிரியில் 20 நிமிடம் வைத்தேன். திறந்தால் அவித்த கோழி. மேலே இருந்த துண்டின் முதுகு மட்டும் கருகியிருந்தது, அடியில் கிடந்தவை வெளிறிப்போயிருந்தன, கூடைக்குக் கீழே அரை டம்ளர் தண்ணீர். மெஷினைத்தான் திட்டினேன். அப்புறம் உட்கார்ந்து யோசித்தால் தப்பு முழுக்க என்னுடையது.

பெயர்தான் நம்மை ஏமாற்றுகிறது. 2010-இல் பெர்லினில் நடந்த மின்னணுக் கண்காட்சியில் பிலிப்ஸ் இதை அறிமுகப்படுத்தியபோது வைத்த பெயர், இன்றைக்கு எல்லா மெஷினுக்கும் ஒட்டிக்கொண்டது. ஃப்ரையர் என்றதும் எண்ணெயில் பொரிக்கிற நினைப்பு வந்துவிடுகிறது. உள்ளே என்ன இருக்கிறது? மேலே ஒரு சூட்டுச் சுருள், அதற்கும் மேலே ஒரு விசிறி, கீழே ஓட்டை போட்ட கூடை. சின்ன ஓவனில் பலத்த காற்று அடிக்கிறது, அவ்வளவுதான். எண்ணெய் சந்துபொந்தெல்லாம் புகுந்துவிடும். காற்றுக்கு வழி விட்டால்தான் போகும். நேற்று நான் வழியை அடைத்துவிட்டேன். அது போதாதென்று தயிர் வேறு. தோலில் ஈரம் இருக்கிற வரைக்கும் அதன் சூடு 100 டிகிரியைத் தாண்டுவது கஷ்டம். பொன்னிறம் வர ஏறக்குறைய 140-க்கு மேல் போக வேண்டும். மெஷின் பாவம், 20 நிமிடமும் தயிரைக் காயவைப்பதிலேயே போய்விட்டது.

சரி, இன்றைய கோழிக்கு வருவோம். கேமராவைக் கொஞ்சம் கிட்டே கொண்டுவருகிறேன். தோல் எப்படி இருக்கிறது பாருங்கள், காகிதம் மாதிரி. விரலால் தொட்டால் ஒட்டவில்லை. காலையில் டிஷ்யூவால் ஒற்றி எடுத்து, அரை கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், முக்கால் டீஸ்பூன் உப்பு, மிளகுத்தூள், கொஞ்சம் மிளகாய்த்தூள் தடவி, மூடாமல் ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் நான்கு மணி நேரம் வைத்தேன். பேக்கிங் பவுடர் எதற்கு என்றால், தோலின் காரத்தன்மையை (உறைப்பு இல்லை, புளிப்புக்கு எதிரான தன்மை) லேசாக ஏற்றிவிடும், அதனால் சீக்கிரம் சிவக்கும். பேக்கிங் சோடாவைக் கைதவறிப் போட்டுவிடாதீர்கள். சோப்பு தின்ற மாதிரி இருக்கும், எனக்கு அந்த அனுபவமும் உண்டு. கோழியைக் கழுவவில்லையா என்று கேட்பீர்கள். இல்லை. கழுவினால் பச்சைக் கோழியின் தண்ணீர் சிங்க் முழுக்கத் தெறிக்கும், கிருமியைப் பரப்பினதுதான் மிச்சம். அதைக் கொல்வது சூடுதான்.

நான்கு துண்டு மட்டும் வைக்கிறேன், ஒன்றோடொன்று இடிக்காமல். 190 டிகிரி, 12 நிமிடம், திருப்பிப் போட்டு இன்னும் 10 நிமிடம். கூடைக்குக் கீழே இருக்கும் தட்டில் இரண்டு ஸ்பூன் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். தோலிலிருந்து ஒழுகுகிற கொழுப்பு அங்கே விழுந்து புகையாமல் இருப்பதற்காக.

அது வேகட்டும். இந்தப் பக்கம் மாவு. 150 கிராம் மைதா, இரண்டு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் உப்பு, ஒரு முட்டை, 180 மில்லி பால், இரண்டு ஸ்பூன் உருக்கிய வெண்ணெய். துருவிய சீஸ் ஒரு கைப்பிடி, வெங்காயத்தாள், முட்டைக்கோஸ். முட்டைக்கோஸை நறுக்கி உப்புப் போட்டுப் பத்து நிமிடம் வைத்துப் பிழிந்தேன். இதோ, கிண்ணத்தில் எவ்வளவு தண்ணீர் என்று பாருங்கள். இதெல்லாம் பான்கேக்குக்குள் போயிருந்தால் நடுவில் களியாகியிருக்கும். மாவைக் கலக்கும்போது கட்டி தெரிந்தால் தெரியட்டும், விட்டுவிடுங்கள். கட்டியே இல்லாமல் அடித்து அடித்துக் கலக்கினால் ரப்பர் மாதிரி இழுக்கும். பத்து நிமிடம் சும்மா வைத்தால் கட்டி தானாகக் கரையும். அரை டீஸ்பூன் சர்க்கரை சேர்த்தேன், இனிப்புக்காக இல்லை, நிறத்துக்காக.

மணி அடிக்கிறது. தெர்மாமீட்டரை எலும்பில் படாமல் சதையில் குத்துகிறேன். 71. போதாது. கோழிக்கு 74 டிகிரி பாதுகாப்பான அளவு. காலுக்கு நான் 80 தாண்டவிடுவேன், அப்போதுதான் எலும்பை ஒட்டிய சவ்வெல்லாம் இளகும். நெஞ்சுக்கறியாக இருந்தால் 74-லேயே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நார் நாராகிவிடும். இன்னும் ஐந்து நிமிடம் 200-இல் வைக்கிறேன்.

இப்போது 83. எடுத்துவிட்டேன். மைக்கைக் கிட்டே வைக்கிறேன், கத்தியால் தோலைத் தட்டுகிறேன், கேளுங்கள். டக் டக் என்கிறது இல்லையா? நேற்று இதே தோல் சத்தமே போடவில்லை.

அடுத்தது பான்கேக், ஏர் ஃப்ரையரில். கூடையில் ஊற்றினால் ஓட்டை வழியாக ஓடிவிடும் என்பதால் பேக்கிங் பேப்பரை வைத்து முன்சூடு போட்டேன். அதைப் படம் பிடிக்காமல் விட்டது நல்லதாகப் போயிற்று. வெறும் காகிதம் காற்றில் எழும்பி மேலே சுருளில் ஒட்டிக்கொண்டது. தீய்ந்த வாசனை வந்ததும் ஓடிப்போய் அணைத்தேன். காகிதத்தின் மேல் கனமான பண்டம் இல்லாமல் ஒருபோதும் ஓடவிடாதீர்கள்.

இரண்டாவது முயற்சி சின்ன கேக் டின்னில். 160 டிகிரி, 10 நிமிடம். பாருங்கள் இதை. காற்று அடித்து மாவின் மேல்தோல் ஒரு பக்கமாகச் சுருங்கி அலை அலையாக நிற்கிறது. மேலே நல்ல சிவப்பு, அடியில் புரட்டினால் வெள்ளை. வேகாமல் இல்லை, ஆனால் முகம் மட்டும் பவுடர் போட்ட மாதிரி இருக்கிறது. சூடு மேலிருந்து வருகிறது, அடியில் டின் சூடாவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. டின்னை வெறுமனே ஐந்து நிமிடம் காயவைத்து, வெண்ணெய் போட்டு, அது பொரியும்போது ஊற்றினேன். அடி கொஞ்சம் தேறியது. ஆனால் ஒரு பான்கேக்குக்கு இவ்வளவு பாடா?

நான்ஸ்டிக் பானில் மிதமான தீயில் ஊற்றியது இது. குமிழி உடைந்து ஓட்டை மூடாமல் அப்படியே நின்றால் திருப்பலாம். தோசைத்திருப்பியால் ஒரே புரட்டு. அமுக்காதீர்கள், காற்றெல்லாம் போய்விடும். மூன்று நிமிடத்தில் இரண்டு பக்கமும் ஒரே நிறம். எனக்கு இதுதான்.

ஆனால் ஏர் ஃப்ரையரை முழுசாக ஒதுக்கவும் வேண்டாம். மீந்த பான்கேக்கை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து 170-இல் மூன்று நிமிடம் வைத்தேன். ஓரம் மொறுமொறுவென்று, சீஸ் கசிந்த இடத்தில் வலை மாதிரி சிவந்து, பானில் சுட்டதைவிட இது ஒரு படி மேல். இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

கோழியைப் பிய்த்து மேலே போட்டுச் சாப்பிடலாம் என்று திரும்பினால் தட்டில் மூன்று துண்டுதான் இருக்கிறது. நான்கு வைத்தேன், நீங்களே பார்த்தீர்கள். யார் என்று விசாரித்துவிட்டு வருகிறேன், கேமரா ஓடட்டும்.