கோழிக்கறி போட்டா எலும்பு வளையும்: மீட்ட உடும்பைப் பார்த்துக்கிறது எப்படி?

[காட்சி: சமையல்கட்டுத் தராசு. மேலே மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா. மூடி இடுக்குல கருப்பும் மஞ்சளுமா ஒரு வால் நுனி.]

430 கிராம். டப்பா எடையைக் கழிச்சாச்சு. மூக்கு நுனியிலேர்ந்து வால் நுனி வரைக்கும் 88 சென்டிமீட்டர் இருக்கிற உடும்புக்கு இதெல்லாம் ஒரு எடையே இல்ல. வால் ஆரம்பிக்கிற இடத்தைப் பாருங்க. நல்லா இருக்கிற உடும்புக்கு அங்க உருண்டையா சதை இருக்கும். கொழுப்பை அங்கயும் சேர்த்து வெச்சுக்கும். இவனுக்கு ரெண்டு பக்கமும் குழி விழுந்து, நடுவுல எலும்பு மேடா துருத்திக்கிட்டு இருக்கு.

இது மூணு மாசத்துக்கு முன்னால எடுத்தது. இப்ப எப்படி இருக்கான்னு கடைசியில காட்டுறேன்.

வணக்கம். நான் பேசறது மலேசியாவுல, பேராக் மாநிலத்துல இருக்கிற சுங்கை சிப்புட்லேர்ந்து. சுத்தி செம்பனைத் தோட்டம், நடுவுல டவுன். எங்க ஊர்ல உடும்பு பார்க்கக் காட்டுக்குப் போக வேணாம். மழை விட்டதும் லோங்காங், அதான் சாக்கடை, பக்கம் பத்து நிமிஷம் நின்னா போதும், பியாவாக்னு மலாய்ல சொல்ற உடும்பு ஒண்ணு தலையைத் தூக்கி நாக்கை நீட்டிப் பார்த்துட்டுப் போகும்.

ஆனா இவன் லோங்காங்ல கிடைச்சவன் இல்ல. ஒரு தாமான் (குடியிருப்பு) வீட்டுல வாடகைக்கு இருந்தவங்க காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. வீட்டுக்காரர் பின்கட்டைத் திறந்தா, மைனா வளர்க்கிற கூண்டுக்குள்ள இவன் சுருண்டு கிடக்கான். பட்டினி போட்டு வளர்த்திருப்பாங்கன்னுதான் நானும் நெனச்சேன். பக்கத்து வீட்டுப் பையன் சொன்னான்: “இல்லண்ணே, அந்த அங்க்கள் டெய்லி சிக்கன் போடுவாரு. எலும்பெல்லாம் எடுத்துட்டு, நெஞ்சுக்கறி மட்டும்தான்.”

பாசமாத்தான் போட்டிருக்காரு. இவன் தாடையை விரலால லேசா அமுக்கினப்ப, ரப்பர் குழாய் மாதிரி அமுங்குச்சு. அது அந்த நெஞ்சுக்கறி பண்ணின வேலை.

[காட்சி: தாடை, பக்கத்துல. முன்னங்கால் வில்லு மாதிரி வெளிப்பக்கம் வளைஞ்சிருக்கு.]

எப்படின்னு சொல்றதுக்கு முன்னால ஒரு விஷயம். இதைத் தாண்டிப் போயிடாதீங்க. தீபகற்ப மலேசியாவுல 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, சட்டம் 716. நீர் உடும்பு அதுல பாதுகாக்கப்பட்ட விலங்கு. உரிமம் இல்லாம வீட்டுல வெச்சிருந்தா குற்றம். அபராதமும் உண்டு, ஜெயிலும் உண்டு. ‘காப்பாத்தத்தானே எடுத்தேன்’னு சொன்னா உரிமம் ஆகிடாது. அதனால கையில எடுத்த அன்னிக்கே பெர்ஹிலித்தானுக்கு, அதாவது வனவிலங்கு இலாகாவுக்கு, போன் அடிங்க. நாங்களும் அதைத்தான் முதல்ல செஞ்சோம். பேப்பர் வேலையை முடிச்சுட்டுத்தான் இவன் இங்க இருக்கான். சபா, சரவாக்ல இருக்கிறவங்களுக்கு வேற சட்டம். அங்க வனவிலங்கைப் பார்த்துக்கிற அரசு அமைப்பைக் கேளுங்க.

இன்னொண்ணு, உடும்புன்னா எல்லாம் ஒண்ணு இல்ல. மூக்குத் துவாரத்தைப் பாருங்க. மூஞ்சி நுனிக்குப் பக்கத்துல, வட்டமா இருந்தா நீர் உடும்பு. கண்ணுக்கும் நுனிக்கும் நடுவுல, கீறல் மாதிரி சாய்ஞ்சு இருந்தா அது வேற ஜாதி, மலாய்ல பியாவாக் திக்குஸ்னு சொல்வாங்க. தமிழ்நாட்டுல உடும்புப் பிடின்னு பேர் வாங்கின உடும்புக்கு அது நெருங்கின சொந்தம். இந்த வீடியோ முழுக்க நீர் உடும்பைப் பத்தித்தான்.

இப்ப எலும்புக்கு வருவோம்.

எங்க பெரியம்மா முப்பது வருஷம் தோட்டத்துல பால்மரம் வெட்டினவங்க. நான் மீனை முழுசா, தலையோட, குடலோட இவனுக்குப் போடறதைப் பார்த்துட்டு அவங்களுக்குப் பொறுக்கல. “ஏன்டா, நல்ல கறியா ரெண்டு துண்டு போட்டா என்ன? சிக்கன்ல இல்லாத சத்தா?”

“சத்து இருக்கு பெரியம்மா. சுண்ணாம்புதான் இல்ல.”

100 கிராம் கோழி நெஞ்சுக்கறியில பாஸ்பரஸ் சுமார் 200 மில்லிகிராம் இருக்கும். கால்சியம்? 10 மில்லிகிராம் பக்கம்தான். உடும்புக்கு வேண்டியது பாஸ்பரஸுக்குச் சமமாவோ, அதைவிடக் கூடவோ கால்சியம். ரத்தத்துல கால்சியம் குறைஞ்சா இதயமும் தசையும் வேலை செய்யாது. அதனால உடம்பு என்ன பண்ணும்னா, சொந்த எலும்பைக் கரைச்சு ரத்தத்துக்குக் கொடுக்கும். மாசக்கணக்கா இப்படியே போனா தாடை மெத்துன்னு ஆகும், கால் வளையும், முதுகு கூனும், விரல் நுனியெல்லாம் தானா நடுங்கும். பிள்ளைங்களுக்கு ரிக்கெட்ஸ் வருதுல்ல, கிட்டத்தட்ட அதே கதை.

காட்டுல உடும்பு நெஞ்சுக்கறி தின்னாது. எலியைப் பிடிச்சா எலும்போட, மீனைப் பிடிச்சா முள்ளோட, நண்டைப் பிடிச்சா ஓட்டோட விழுங்கும். கால்சியம் அந்த எலும்புலயும் ஓட்டுலயும் இருக்கு. நாமதான் நல்லதுன்னு நெனச்சு எலும்பை எடுத்துப் பூனைக்குப் போட்டுட்டு, சதையை இதுக்குக் கொடுக்கிறோம்.

“அப்ப எலும்போட சிக்கன் குழம்புத் துண்டு?” இது பெரியம்மாவோட அடுத்த கேள்வி. வேக வெச்ச கோழி எலும்பு சிலாம்பு சிலாம்பாப் பிளக்கும், குடலைக் குத்தும். உப்பு மசாலா வேற. கூடாது.

[காட்சி: வாசல் பக்கம் வலைக் கூண்டு. சிமெண்டுக் கல் மேல உடும்பு தட்டையாப் படுத்திருக்கு.]

கால்சியம் போட்டா மட்டும் எலும்புல ஏறாது. அதுக்கு வைட்டமின் டி3 வேணும், டி3 தோல்ல உண்டாக வெயில்ல இருக்கிற புற ஊதா ‘பி’ கதிர் வேணும். ‘நம்ம ஊர்ல வெயிலுக்கா பஞ்சம்?’னு கேட்பீங்க. பஞ்சமே இல்ல. ஆனா இவன் இருந்தது பின்கட்டுல, ஜன்னலுக்கு உள்ளே. கண்ணாடி வெளிச்சத்தை விடும், சூட்டை விடும், அந்தக் கதிரைக் கிட்டத்தட்ட முழுசாத் தடுத்துடும். ஜன்னலோரம் வெயில் காயுதுன்னு நாம நிம்மதியா இருப்போம், உள்ள எலும்பு கரைஞ்சுக்கிட்டு இருக்கும்.

அதனால கம்பி வலைக் கூண்டு, காலை வெயில், பாதி இடம் நிழல். நிழல் கட்டாயம் இருக்கணும். மீன் தொட்டிக் கண்ணாடிக்குள்ள வெச்சு வெயில்ல விட்டுட்டு பாசாருக்குப் போயிட்டு வந்தா, உயிரோட இருக்காது.

மழை நாளுக்கு விளக்கு. உடும்பு வெயில் காயற கல்லோட மேல்பரப்பு 50 டிகிரி, அதுக்கு மேலயும் இருக்கலாம். பயப்படாதீங்க, அது தனக்கு வேண்டிய சூடு ஏறினதும் தானா எழுந்து 27, 28 டிகிரி இருக்கிற மூலைக்குப் போயிடும். போறதுக்கு அந்த மூலை இருக்கணும், அவ்வளவுதான். சூடு ஏன் இவ்வளவு முக்கியம்னா, இதோட வயிறு தானா சூடாகாது. சூடு இல்லாம தீனி போட்டா வயித்துக்குள்ளேயே அழுகும், ஒரு நாள் கழிச்சு வாந்தி எடுக்கும், அந்த நாத்தம் உங்களுக்கு வேணாம். கல்லோட சூட்டை அளக்க, கோவிட் நேரத்துல நெத்தியில பிடிச்சாங்களே, அந்த கருவி வேணாம். அது காய்ச்சல் பார்க்கிறது, 42, 43 டிகிரிக்கு மேல காட்டாது. சூட்டுப் பொருளுக்குன்னு ஹார்ட்வேர் கடையில விக்கிறதை வாங்குங்க.

சரி, தீனி. ஆனா அதுக்கு முன்னால தண்ணி. காய்ஞ்சு கிடக்கிற உடும்புக்கு முதல் நாள் சாப்பாடே போடாதீங்க. வெதுவெதுப்பான தண்ணி, தோள் அளவுக்கு மட்டும், 20 நிமிஷம். தலை மேலே இருக்கான்னு பக்கத்துலயே நின்னு பாருங்க. இவன் முதல் தடவை தண்ணியில விட்டதும் கண்ணை மூடிக்கிட்டு, தொண்டை ஏறி இறங்க, ரெண்டு நிமிஷம் விடாமக் குடிச்சான். கழிச்சலைப் பாருங்க. பழுப்போட ஒரு வெள்ளைப் பகுதி வரும், அதுதான் இதோட மூத்திரம். வெள்ளையா, குழைவா இருந்தா தண்ணி போதும். மஞ்சளாகி மணல் மாதிரி கடினமா இருந்தா உடம்பு காய்ஞ்சு கிடக்கு. அப்படியே விட்டா சிறுநீரகம் போகும்.

அடுத்து கொஞ்சமா ஆரம்பிங்க. பசியில வந்ததுக்கு ஒரேடியா வயிறு முட்டக் கொடுத்தா ரத்தத்துல உப்புச் சத்தெல்லாம் தாறுமாறாகி, தின்ன பிறகு செத்துப்போகலாம். இவனுக்கு முதல் வாரம், விரல் நீளத்துல சின்ன மீன், ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒண்ணே ஒண்ணு. தாடை மெத்துன்னு இருக்கிறதால கடிச்சு உடைக்கிற எதையும் கொடுக்கல. டாக்டர் கால்சியம் மருந்து கொடுத்தார். எங்க ஊர்ல நாய், பூனை பார்க்கிற டாக்டர் இருக்காங்க, ஊர்வன பார்க்கிறவரைத் தேடி ஈப்போ வரைக்கும் போனோம். எக்ஸ்ரேயில நல்ல எலும்பு வெள்ளையாத் தெரியணும். இவனுக்குப் பக்கத்துல இருக்கிற சதைக்கும் எலும்புக்கும் வித்தியாசம் தேட வேண்டியிருந்துச்சு.

இப்ப என்ன போடறேன்? முழு மீன் வாரம் ஒண்ணு ரெண்டு. பறவைக் கடையில மலாய்க்காரங்க செங்கெரிக்னு விக்கிற சுவர்க்கோழிப் பூச்சி, கால்சியம் தூள் தூவி. காடைக் குஞ்சு. ஐஸ்ல வெச்ச வெள்ளெலி, தண்ணியில போட்டுக் குளிர் விட்ட பிறகு. கால்சியம் தூளுக்குக் காசு இல்லாதவங்க அதே பறவைக் கடையில கணவாய் ஓடு வாங்கி, மாவா இடிச்சுத் தூவலாம். குட்டி உடும்புக்குத் தினமும் தீனி, பெரிசாகிட்டா வாரம் ரெண்டு தடவை போதும். பெரிய உடும்பைக் கொழுக்க வெச்சுக் கொல்றவங்கதான் அதிகம்.

மீன் மட்டுமே போட்டுக்கிட்டு இருக்காதீங்க. சில மீன்ல வைட்டமின் பி1-ஐ அழிக்கிற ஒரு பொருள் இருக்கு, ஐஸ்ல வெச்சாலும் அது சாகாது. பச்சை முட்டை எப்பவாவது ஒண்ணு. இக்கான் பிலிஸ், அதான் நெத்திலிக் கருவாடு, வேணாம், அது உப்பு. நாசி லெமாக் மிச்சம், சோசேஜ், இதெல்லாம் நான் சொல்லவே வேணாம்.

[காட்சி: செம்பனை வரிசை. ஒரு கம்பத்து மேல மரப்பெட்டி.]

இந்தப் பெட்டி என்ன தெரியுமா? ஆந்தைக் கூடு. செம்பனைப் பழத்தை எலி தின்னும், எலியை ஆந்தை தின்னும்னு தோட்டங்கள்ல வைக்கிறாங்க. ஆனா எல்லா இடத்துலயும் ஆந்தையை மட்டும் நம்பி இருக்கிறதில்ல, எலி மருந்தும் போடறாங்க. ரத்தம் உறையாமச் செய்யிற மருந்து. அதைத் தின்ன எலி உடனே சாகாது. சில நாள் நடமாடிக்கிட்டே இருக்கும், அப்புறம் மந்தமாகும், சுலபமாக் கையில சிக்கும். ‘ஓசியில எலி கிடைச்சுதே’ன்னு அதைத் தூக்கிட்டு வந்து உடும்புக்குப் போட்டா, மருந்தையும் சேர்த்துத்தான் போடறீங்க. பழம் வெட்டுற அண்ணன் ஒருத்தர் அன்பா ஒரு பை நிறைய எலி கொண்டு வந்து கொடுத்தார். வாங்கி, நன்றி சொல்லி, அவர் தலை மறைஞ்சதும் குழி தோண்டிப் புதைச்சேன். ஸ்ப்ரே அடிச்ச வீட்டுக் கரப்பான்பூச்சிக்கும் இதே கணக்கு.

பிடிக்கிற விஷயத்தைச் சீக்கிரம் சொல்லிடறேன். வாலைப் பிடிக்காதீங்க. பல்லி வால் மாதிரி அறுந்து திரும்ப முளைக்காது, போனா போனதுதான். கண்ணை மூடுற மாதிரி துண்டைப் போடுங்க, பாதி கோபம் அடங்கிடும். ஒரு கை கழுத்துக்குப் பின்னால, ஒரு கை இடுப்புக்குக் கீழே. ‘உடும்பு வேணாம், கையை விட்டா போதும்’னு பழமொழி சும்மா வரல. இவன் ஒரு தடவை என் கட்டை விரலைக் கவ்வினப்ப அதை முழுசாச் சொல்லிப் பார்த்தேன். கடிபட்டா சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில கழுவி, கிளினிக் போங்க. கடிக்கலைன்னாலும் தொட்ட பிறகு கை கழுவுங்க, இது தோல்லயும் கழிச்சல்லயும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். இதோட தண்ணித் தோங்கை (தொட்டியை) சமையல்கட்டு சிங்க்ல கழுவாதீங்க. தண்ணிக்குள்ளேயேதான் கழியும், அதனால தினம் மாத்தணும். எனக்கு இதுல இருக்கிற பெரிய வேலையே அதுதான்.

தோல் உரியற நேரத்துல விரல்களை ஒண்ணொண்ணாப் பாருங்க. பழைய தோல் மோதிரம் மாதிரி சுத்தி இறுகி, ரத்தம் போகாம விரல் கருகிடும். ஊற வெச்சு, பஞ்சால தேய்ச்சா கழண்டு வரும். இவனுக்கு இடது முன்னங்கால்ல ஒரு நகம் ஏற்கெனவே போயிடுச்சு.

[காட்சி: அதே தராசு. மூடியைத் தள்ளிக்கிட்டு தலை வெளியே வருது, நாக்கு ரெண்டாப் பிரிஞ்சு நீளுது.]

690 கிராம். தாடை இப்ப அமுங்கல. வளைஞ்ச கால் வளைஞ்சதுதான், அது நிமிராது. ஆனா ஏறறான், தோண்டறான். நீர் உடும்பு 2 மீட்டர் தாண்டி வளரும், அதனால இந்தக் கூண்டு இவனுக்கு ரொம்ப நாள் தாங்காது. காட்டுல விடலாமா, வேற எங்கயாவது வைக்கணுமான்னு பெர்ஹிலித்தான் ஆளுங்க வந்து பார்த்து முடிவு பண்ணுவாங்க. நானா கொண்டு போய் லோங்காங்ல இறக்கி விடப் போறதில்ல.

பெரியம்மா இப்ப பாசார்ல மீன் வாங்குறப்ப, “தவுக்கே, இதுக்கு மட்டும் வயித்தைக் கிழிக்காதீங்க, தலையையும் வெட்டாதீங்க”ன்னு சொல்லியிருக்காங்க. குழம்புக்கான்னு மீன்கடைக்காரர் கேட்டாராம். உடும்புக்குன்னு சொன்னதும், “உடும்புக் குழம்புக்கா?”ன்னு திரும்பக் கேட்டாராம்.