ஆர்க்கிட் எல்இடி வெளிச்சத்துல பூக்கணுமா? ராத்திரியையும் கவனிங்க

வணக்கம் நண்பர்களே! இன்னிக்கு கேமராவை செடி அலமாரிக்கு நேராவே வச்சிட்டேன். வெயிலே எட்டிப் பார்க்காத அறை இது. இங்க இருக்கிற ஃபெலனாப்சிஸ்ங்கற ஆர்க்கிட் வகை எல்லாமே எல்இடி வெளிச்சத்துலதான் வளருது, அதுலயேதான் பூக்குது. உங்கள்ல நிறைய பேர் கேக்கறது ஒரே கேள்விதான்: "இலை நல்லா தளதளன்னு இருக்கு, பூ மட்டும் வரவே மாட்டேங்குது. இன்னும் பெரிய லைட்டா வாங்கணுமா?" பெரும்பாலும் வேண்டாங்க. லைட்டு செடிக்குச் சாப்பாடு போடுது, அவ்வளவுதான். இப்ப பூக்கலாம்னு செடிக்குச் சொல்றது குளிர்ச்சி. அதைத்தான் இன்னிக்கு விலாவாரியா பேசப் போறோம்.

முதல்ல வெளிச்சத்தை முடிச்சிடலாம். இந்த ரெண்டு செடியையும் பக்கத்துல பாருங்க. இது கரும்பச்சை, இலை நீளமா போய் தொங்குது. பார்க்க அழகுதான், ஆனா வெளிச்சம் பத்தலைன்னு அர்த்தம். இந்தப் பக்கம் இருக்கிறது இளம்பச்சை, இலை கொஞ்சம் குட்டை, ஆனா கெட்டியா நிக்குது. நமக்கு வேணுங்கறது இதுதான். ஓரத்துல லேசா செந்நிறம் ஓடுது பாருங்க, அது வரம்பைத் தொட்டாச்சுங்கற அடையாளம். இதுக்கு மேல கூட்டினா மஞ்சளாகி, வெளுத்து, கருகிடும். கருகின இடம் திரும்பப் பச்சையாகவே ஆகாது.

இதுல கண்ணை நம்பாதீங்க. நம்ம கண்ணு எந்த வெளிச்சத்துக்கும் சட்டுனு பழகிடும். ராத்திரி விளக்கு போட்ட ஹால் நமக்குப் பளிச்சுன்னு தெரியும், அளந்து பார்த்தா சில நூறு லக்ஸ்தான் (வெளிச்சத்தை அளக்கிற அலகு) இருக்கும். உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரைக்கும் போகும். ஃபெலனாப்சிஸுக்கு இலை மேல ஏறக்குறைய 6,000ல இருந்து 10,000 லக்ஸ், ஒரு நாளைக்கு 12 மணி நேரம் விழுந்தா போதும். லக்ஸ் மீட்டர் இல்லைன்னா போன்ல ஒரு ஆப் போட்டுக்கோங்க. துல்லியமா காட்டாது, ஆனா பத்துதா பத்தலையான்னு தெரிஞ்சுடும். போனை இலை இருக்கிற உயரத்துல, சென்சார் லைட்டைப் பார்க்கிற மாதிரி பிடிக்கணும். பெட்டி மேல போட்டிருக்கிற வாட் கணக்கு இதுக்கு உதவவே உதவாது. விளக்கை ஒரு சாண் மேல தூக்கினாலே இலைக்கு வர்ற வெளிச்சம் நல்லாவே குறையும். அதனால, லைட்டை மாத்தறதுக்கு முன்னாடி தூரத்தை மாத்திப் பாருங்க.

பிங்க் லைட்டா, வெள்ளையான்னு கேட்டா, வெள்ளைன்னுதான் சொல்லுவேன். வெள்ளை எல்இடின்னு நாம சொல்றது பெரும்பாலும் நீல எல்இடி மேல பாஸ்பர்ங்கற ஒளிரும் பொருளைப் பூசினது. அதுல நீலம், பச்சை, சிவப்பு எல்லாமே இருக்கு. 400ல இருந்து 700 நானோமீட்டர் வரைக்கும் உள்ள ஒளி முழுசையும் செடி பயன்படுத்திக்கும், பச்சை உள்பட. பிங்க் லைட்டுக்குக் கீழ செடி வளரும், அதுல சந்தேகமே இல்லை. ஆனா இப்ப காட்டினேனே, அந்த இலை நிறம், அது உங்களுக்குத் தெரியவே தெரியாது. அழுகல் ஆரம்பிச்சாலும் தெரியாது. லக்ஸ் மீட்டரும் அங்க ஒத்துவராது, ஏன்னா லக்ஸ்ங்கறது மனுஷக் கண்ணுக்கான அளவு.

சரி, இப்ப ராத்திரிக்கு வருவோம். பூ சீக்கிரம் வரட்டும்னு 18 மணி நேரம், சிலர் 24 மணி நேரமும் லைட்டை எரிய விடறாங்க. தயவுசெஞ்சு வேண்டாம். மத்த செடிகள்ல நிறைய பகல்ல மூச்சுத்துளையைத் திறந்து கார்பன் டை ஆக்சைடை எடுக்கும். ஃபெலனாப்சிஸ் முக்கியமா ராத்திரிதான் திறக்கும். எடுத்த கார்பனை மாலிக் அமிலமா சேத்து வச்சுக்கிட்டு, பகல் வெளிச்சத்துல அதை எடுத்துச் சர்க்கரையாக்கும். மரக்கிளையில ஒட்டி வாழற செடி, தண்ணியை மிச்சம் பிடிக்க இப்படி ஒரு வழி வச்சிருக்கு. நீங்க இருட்டையே தரலைன்னா, அந்தச் சேமிப்பு எப்ப நடக்கும்? ஒரு டைமர் போட்டு விட்டுடுங்க, தினமும் அதே நேரத்துக்கு எரிஞ்சு அதே நேரத்துக்கு அணையட்டும்.

இருட்டோட குளிர்ச்சியும் சேரணும். 28 டிகிரிக்கு மேலயே எந்நேரமும் வச்சிருந்தீங்கன்னா இலையாத்தான் விட்டுக்கிட்டு இருக்கும். பூ வேண்டாம், செடி பெருசாகட்டும்னு நினைக்கிற நர்சரிக்காரங்க வேணும்னே அந்தச் சூட்டுல வைக்கிறாங்க. பகல்ல 25, ராத்திரி 20 டிகிரி ஒட்டி நாலஞ்சு வாரம் கிடைச்சா, வளர்ந்த செடி ஸ்பைக், அதாவது பூத்தண்டு, விட ஆரம்பிச்சுடும். அதனால சீசன் குளிரும்போது லைட் அலமாரியை மூடி வைக்காதீங்க. எல்இடிக்கு ஏத்த மாதிரி கரண்ட்டை மாத்திக் குடுக்கிற டிரைவர் சூடாகும், அதை அலமாரிக்கு வெளியில மாட்டுங்க. ஏசி அறைன்னா காத்து நேரா செடி மேல அடிக்காம பார்த்துக்கோங்க.

இப்ப இங்க கிட்ட வாங்க. மேல இருந்து ரெண்டாவது இலை, அது தண்டோட சேர்ற இடுக்கு. ஒரு சின்ன பச்சை முனை தெரியுதா? இது வேரா, ஸ்பைக்கான்னு எல்லாரும் குழம்புவாங்க. வேர்னா முனை உருண்டையா, வழவழன்னு பளபளக்கும். கொஞ்சம் வளர்ந்ததும் பின்னாடி வெள்ளி நிறம் ஏறும். இதோட முனை தட்டையா, ஒரு பக்கமா சாஞ்சிருக்கு. மேல செதில் மடிஞ்ச கோடு ஒண்ணு ஓடுது. இது ஸ்பைக்கேதான்! இதைப் பார்க்கும்போது வர்ற சந்தோஷம் இருக்கே, பூவைப் பார்க்கும்போது கூட அவ்வளவு வராதுங்க எனக்கு. இதுல இருந்து பூ விரிய மூணு மாசம் வரைக்கும் கூட ஆகலாம், பொறுமையா இருங்க.

ஸ்பைக் வந்த பிறகு தொட்டியைத் திருப்பக் கூடாது. அது லைட்டைப் பார்த்து வளரும், நீங்க திருப்பத் திருப்ப அது வளைஞ்சு வளைஞ்சு போகும், பூவும் ஒரே முகமா நிக்காது. மொட்டு வந்ததும் பக்கத்துல பழுக்கிற பழம் எதையும் வைக்காதீங்க. அதுல இருந்து வர்ற எத்திலீன் வாயுவுக்கே மொட்டு மஞ்சளாகி உதிரும். திடீர்னு இடத்தை மாத்தினாலும், வேர் ரொம்பக் காஞ்சாலும் அதே கதிதான்.

தண்ணி விஷயம் சுருக்கமா: வேர் பச்சையா இருந்தா காத்திருங்க, வெள்ளியா மாறினா ஊத்துங்க. குருத்துல தண்ணி தங்க விடாதீங்க, தங்கினா துணியால ஒத்தி எடுத்துடுங்க. ஒரு சின்ன ஃபேன் மெதுவா ஓடிக்கிட்டே இருந்தா இன்னும் நல்லது.

பூ எல்லாம் உதிர்ந்ததும் ஸ்பைக் பச்சையாவே இருந்தா, கீழ இருந்து ரெண்டாவது இல்ல மூணாவது கணுவுக்கு மேல வெட்டுங்க. அந்தக் கணுவுல இருந்து இன்னொரு கிளை வந்து பூக்க வாய்ப்பிருக்கு. ஆனா செடி இலை வாடி, சோர்ந்து இருந்தா அடியோட வெட்டிட்டு ஓய்வு குடுங்க. கேட்லியாங்கற இன்னொரு ஆர்க்கிட்டுக்கு இதை விட ரெண்டு, மூணு மடங்கு வெளிச்சம் வேணும், அலமாரியையே வேற மாதிரி அடுக்கணும். அதைத் தனி வீடியோவா போடறேன். உங்க செடியோட இலை என்ன நிறத்துல இருக்குன்னு கீழ எழுதுங்க, பார்த்துட்டு பதில் சொல்றேன்.