செங்காந்தள் எங்க ஏறும், எப்படி ஏறும்?

வணக்கம் மக்களே. காத்து இரைச்சல் ஜாஸ்தியா இருக்கு, ஹெட்போன் போட்டுக்கோங்க. இதோ, முள்ளுப் புதருக்கு மேல செக்கச்செவேல்னு நிக்குதே, செங்காந்தள். தமிழ்நாட்டோட மாநில மலர். ஜிம்பாப்வேக்கு தேசிய மலரே இதுதான்.

எல்லாரும் பூவைத்தான் பாப்பாங்க, நான் முதல்ல இலையைக் காட்டுறேன். கேமராவைக் கிட்ட கொண்டுபோறேன்... நுனியைக் கவனிங்க. மெலிஞ்சு, நீண்டு, சுருண்டு, பக்கத்துக் குச்சியை இறுக்கிப் பிடிச்சிருக்கா? இந்தத் தண்டுக்குத் தானா நிக்கத் தெம்பு கிடையாது. ஏறுறதுக்குன்னு தனியா ஒரு உறுப்பும் இல்ல, இலை நுனியே அந்த வேலையைப் பாத்துக்குது. எனக்கு இந்தச் செடியில ரொம்பப் பிடிச்சதே இதுதான்.

அதனால நடுக்காட்டு இருட்டுல தேடி அலையாதீங்க. வெயிலும் வேணும், பிடிச்சு ஏறப் புதரும் வேணும். காட்டு ஓரம், புதர்க்காடு, வேலிப் பக்கம் பாருங்க. தண்ணி தேங்குற இடத்துல கிழங்கு அழுகிடும். கோடையில வந்தா ஏமாந்துதான் போவீங்க. கொடி காஞ்சு, கிழங்கு மட்டும் மண்ணுக்குள்ள கிடக்கும். மழை விழுந்து முளைச்சு, ஐப்பசி கார்த்திகையில இப்படிப் பூத்து நிக்கும்.

சரி, பூ. ஆறு இதழும் பின்னால மடங்கி, மேல பாத்து நிக்குது. முதல்ல பச்சை, அப்புறம் மஞ்சள், கடைசியில இந்தச் சிவப்பு. ஆறு மகரந்தத் தண்டும் சுத்திவர விரிஞ்சிருக்கு. மகரந்தத்தை வாங்கிக்குற சூல்தண்டு மட்டும் அடியிலேயே மடங்கி பக்கவாட்டுல நீட்டிக்கிட்டு நிக்குது, ஏதோ ஒடிஞ்ச மாதிரி. ஒடியல! பட்டாம்பூச்சி தேனுக்கு வந்து படபடக்கும்போது, மகரந்தம் ஒட்டின றெக்கை போய் உரசுற இடம் இது.

தோண்டிப் பாக்கலாமான்னு யாரும் கிளம்பிடாதீங்க. கண்வலிக்கிழங்குன்னு சொல்றது இதோட கிழங்கைத்தான். செடி முழுக்க விஷம், கிழங்கு ரொம்பவே மோசம், சாப்பிட்டா உயிருக்கே ஆபத்து. அந்த விஷம் கோல்ச்சிசின். அளவு பாத்து டாக்டர் கொடுத்தா, கவுட் மூட்டுவலிக்கு அதுவே மருந்து.

அந்த மருந்து எடுக்குற விதைக்காக ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் வயல்லயே போடுறாங்க. கம்பி கட்டி ஏத்திவிட்டு, காய் நல்லா பிடிக்கணும்னு ஆட்களே பூப்பூவா மகரந்தத்தைத் தொட்டு வைக்கிறாங்க. இங்க பட்டாம்பூச்சி சும்மா செய்யுற வேலை, அங்க கூலி கொடுத்து நடக்குது.