ஏதென்ஸில் வக்கீல் கிடையாது

[திரையில்: ஒரு மண்பானை. அடியில் இருக்கும் சிறு குழாயிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது.]

இந்தப் பானை சுமார் 6.4 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். முழுக்க வடிய ஏறக்குறைய 6 நிமிடம். பழங்கால கிரேக்க நகரமான ஏதென்ஸின் சந்தைத் திடல் அகோராவில் தோண்டியெடுத்தது. நீதிமன்றக் கடிகாரம் இது. தண்ணீர் தீர்ந்தால் பேச்சும் தீர்ந்தது. பெரிய வழக்கென்றால் கூடுதலாகச் சில பானைத் தண்ணீர் கிடைக்கும், அவ்வளவுதான்.

உங்கள் வழக்கை நீங்களேதான் பேச வேண்டும். இப்போது நாம் சொல்கிற பொருளில் வக்கீல் என்று ஒருவர் அங்கே இல்லை. எதிரே 201 பேர் உட்கார்ந்திருப்பார்கள். வழக்கு பெரிதானால் 501 பேர். சட்டம் படித்தவர்கள் இல்லை, குலுக்கல் முறையில் எடுக்கப்பட்ட சாதாரணக் குடிமக்கள். இரு தரப்பையும் கேட்டுவிட்டு, தங்களுக்குள் கலந்து பேசாமல் நேரே வாக்களிப்பார்கள். கி.மு. 399இல் சாக்ரடீஸுக்கு மரண தண்டனை கொடுத்தது இப்படி ஒரு கூட்டம்தான்.

பேச்சுக்கலை என்றதும் நமக்கு மேடையும் மைக்கும் ஞாபகம் வரும். கிரேக்கர்களின் மரபுக் கதையோ அதை ஒரு நிலத்தகராறில் தொடங்குகிறது.

[திரையில்: சிசிலித் தீவின் வரைபடம். சிரக்யூஸ் நகரம் ஒளிர்கிறது.]

கி.மு. 466 வாக்கில் சிரக்யூஸில் சர்வாதிகார ஆட்சி கவிழ்ந்தது. ஆண்டவர்கள் பிடுங்கிக்கொண்ட நிலங்களைக் கேட்டு மக்கள் வழக்குப் போட்டார்கள். ஆண்டுகள் ஓடிவிட்டன, பத்திரம் இல்லை, சாட்சி இல்லை. அப்போது பேசக் கற்றுக்கொடுக்க வந்தவர்கள் கோராக்ஸும் அவருடைய சீடர் டிசியாஸும் என்று சொல்வார்கள். சாட்சி இல்லாத இடத்தில் “எது நடந்திருக்கக்கூடும்?” என்று கேட்பதுதான் அவர்களுடைய வித்தை.

ஒரு நோஞ்சான் மீது அடிதடி வழக்கு. “என் உடம்பைப் பாருங்கள், நான் போய் அடிப்பேனா?” என்பான். சரி, குற்றம் சாட்டப்பட்டவன் பயில்வானாக இருந்தால்? அவனுக்கும் ஒரு வழி இருக்கிறது. “எல்லோரும் முதலில் என்னைத்தான் சந்தேகப்படுவார்கள் என்று தெரிந்தும் கை நீட்டுவேனா?” இரண்டும் கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. வம்பே அதில்தான். கோராக்ஸ் என்றால் கிரேக்கத்தில் காக்கை. குருவும் சீடனும் கட்டணத்துக்காக நீதிமன்றம் ஏறி மாறிமாறி வாதாட, “கெட்ட காக்கைக்குக் கெட்ட முட்டை” என்று சொல்லி இருவரையும் விரட்டிவிட்டார்களாம்.

கி.மு. 427இல் அதே சிசிலியிலிருந்து கோர்கியாஸ் என்பவர் ஏதென்ஸுக்குத் தூதராக வந்தார். எதுகை போல ஒலிக்கும் முடிவுகள், எதிரெதிராக நிறுத்திய சொற்கள், அளந்து வெட்டிய வாக்கியங்கள். நம் அடுக்குமொழிக்கு அண்ணன் என்று சொல்லலாம். ஏதென்ஸ் சொக்கிப்போனது. உடம்பை மருந்து ஆட்டுவிப்பது போல மனதைச் சொல் ஆட்டுவிக்கும் என்று எழுதியவர் அவர்.

எனக்கு என்னவோ கோர்கியாஸை விட லிசியாஸைத்தான் பிடிக்கிறது. அவர் குடும்பமும் சிரக்யூஸிலிருந்து ஏதென்ஸில் குடியேறியதுதான். பேசத் தெரியாதவர்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு பேச்சு எழுதிக் கொடுப்பது அவர் தொழில். வந்தவர் அதை மனப்பாடம் செய்துகொண்டு போய், தன் பேச்சாகவே பேச வேண்டும்.

[திரையில்: இரண்டு ஊன்றுகோல்கள்.]

அவர் எழுதியதாக வந்திருக்கும் பேச்சுகளில் ஒன்று, உடல் ஊனமுற்ற ஒரு ஏழைக்காக. அந்த மனிதருக்கு அரசு உதவித்தொகை நாளுக்கு ஒரு ஓபோல், அதாவது ஒரு சின்ன வெள்ளிக் காசு. “இவன் குதிரை ஏறுகிறான், தொழில் செய்கிறான், இவனுக்கு எதற்கு உதவி?” என்று ஒருவர் புகார் கொடுத்துவிட்டார். விசாரிப்பது 500 பேர் கொண்ட மன்றம்.

இந்த இடத்தில் அழுது புலம்பும் பேச்சைத்தான் எதிர்பார்ப்போம். லிசியாஸ் அவரைக் கிண்டலடிக்க வைக்கிறார். வசதி இருந்தால் மெத்தை போட்ட கோவேறு கழுதையில் சொகுசாகப் போயிருப்பேன், அதற்கு வழியில்லாமல்தான் அடுத்தவர் குதிரையை இரவல் வாங்குகிறேன் என்கிறார். மற்றவர்கள் ஒரு கோல் ஊன்றுகிறார்கள், நான் இரண்டு ஊன்றுகிறேன், அதையும் உடம்பு திடமாக இருப்பதற்கு ஆதாரம் என்று சொல்லிவிடுவார் போலிருக்கிறது என்கிறார். என் கடையில் ஆட்கள் கூடுகிறார்கள் என்பது குற்றமென்றால், முடிதிருத்தும் கடைக்கும் செருப்புக் கடைக்கும் போய் உட்காரும் நீங்கள் எல்லோரும் குற்றவாளிகள்தான் என்றும் ஒரு போடு போடுகிறார்.

சட்ட வாதமாகப் பார்த்தால் இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் பேச்சு முடியும்போது நமக்கு அந்த மனிதரைப் பிடித்துவிடுகிறது. வாய்த்துடுக்கு உள்ள, ரோஷக்கார, பக்கத்துக் கடைக்காரர் மாதிரி இருக்கிறார். அவரை அப்படி நம் முன்னால் நிறுத்தியது எழுதிக் கொடுத்தவரின் கை.

இதற்குப் பெயர் வைத்தவர் அரிஸ்டாட்டில். எத்தோஸ், பேசுபவர் மேல் வரும் நம்பிக்கை. பாத்தோஸ், கேட்பவர் மனநிலை. லோகோஸ், வாதம். இந்த மூன்றையும் இன்று மார்க்கெட்டிங் வகுப்பில்கூடச் சொல்லித் தருகிறார்கள். ஆனால் அவர் சொன்ன ஒரு நுணுக்கம் பெரும்பாலும் விட்டுப்போகிறது. அந்த நம்பிக்கை பேசுபவரின் பழைய பெயரிலிருந்து வரக்கூடாது, பேச்சுக்குள்ளேயே பிறக்க வேண்டும் என்கிறார் அவர். ஊன்றுகோல்காரர் செய்தது அதைத்தான்.

அரிஸ்டாட்டிலின் குரு பிளேட்டோவுக்கு இந்தக் கலையே ஆகாது. மருத்துவனும் சமையல்காரனும் போட்டியிட்டு, குழந்தைகள் தீர்ப்புச் சொன்னால் மருத்துவன் பட்டினிதான் கிடப்பான் என்றார். பேச்சுக்கலையைத் திட்டுவதற்கே எவ்வளவு அருமையான பேச்சு!

[திரையில்: ரோம், பிறகு ஐரோப்பியப் பல்கலைக்கழகக் கட்டடங்கள்.]

கிரேக்கத்தைப் பிடித்த ரோமானியர்கள் இதையும் எடுத்துக்கொண்டார்கள். ரோட்ஸ் தீவில் இருந்த மோலன் என்ற ஆசிரியரிடம் ரோமின் பெரும் பேச்சாளர் சிசரோவும் ஜூலியஸ் சீசரும் படித்தார்கள். இடைக்கால ஐரோப்பாவில் இலக்கணம், தர்க்கம் இரண்டோடு பேச்சுக்கலையும் அடிப்படைப் பாடமானது. பேச்சு உருவாக ஐந்து வேலைகள் என்று ரோமானியர்கள் சொன்ன கணக்கும் பாடத்தோடு போனது: கருத்தைத் தேடுவது, வரிசைப்படுத்துவது, நடையைச் செதுக்குவது, மனதில் நிறுத்துவது, கடைசியாகப் பேசிக் காட்டுவது. முதல் நான்குக்கும் ஏராளமாக எழுதிவைத்தார்கள். ஐந்தாவது ஏட்டில் அடங்காத சங்கதி. பேச்சில் முக்கியமானது எது என்று ஏதென்ஸின் பெரும் பேச்சாளர் டெமஸ்தனிஸைக் கேட்டபோது, முதலாவது, இரண்டாவது, மூன்றாவது எல்லாமே பேசும் விதம்தான் என்றாராம்.

அந்த டெமஸ்தனிஸும் எஸ்கினிஸ் என்ற இன்னொரு பேச்சாளரும் ஏதென்ஸில் ஜென்ம விரோதிகள். கி.மு. 330இல் நடந்த வழக்கில் எஸ்கினிஸுக்கு ஐந்தில் ஒரு பங்கு வாக்குகூட விழவில்லை. ஊரை விட்டுப் போனவர் ரோட்ஸ் தீவுக்கு வந்து சேர்ந்தார். அங்கிருந்தவர்கள் கேட்டதால் தன் பேச்சை வாசித்துக் காட்டினார். மறுநாள், தன்னைத் தோற்கடித்த டெமஸ்தனிஸின் பேச்சையும் அழகாக, குரலெடுத்து வாசித்தார். கேட்டவர்கள் வாயடைத்துப்போனார்கள்.

“அவரே பேசக் கேட்டிருந்தால் இன்னும் எவ்வளவு வியந்திருப்பீர்கள்!” என்றாராம் எஸ்கினிஸ்.